வாணியம்பாடியில் தோலுக்கா பஞ்சம்?

இந்த முறை ஊருக்குப் போனபோது விமானம், பேங்க் வேலை, அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாம் சொன்ன தேதியில் சொன்னபடி முடிந்துவிட்டன. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. என்னை எழுத வைத்தது ஒரு கார் சீட்.

அப்பாவிடம் 2006 மாடல் ஹோண்டா அக்கார்டு கார் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 15 வருஷம் முடிந்ததும் ஆர்.சி. புதுப்பித்து, பசுமை வரி கட்டி, இன்னும் அதையேதான் ஓட்டுகிறார். இன்ஜின் கல்லு மாதிரி. ஆனால் சந்தனக் கலர் லெதர் சீட்டைப் பார்த்தால் அழுகை வரும். வாசலில் இருந்த வேப்பமரத்தை மின்சாரக் கம்பிக்காக வெட்டிய பிறகு வண்டி நாள் முழுக்க வெயிலில்தான். டிரைவர் சீட்டின் வெளி ஓரம், அதாவது ஏறி இறங்கும்போது நாம் உரசிக்கொண்டு போகும் இடம், கலர் உதிர்ந்து பித்தவெடிப்பு விழுந்த குதிகால் மாதிரி ஆகியிருந்தது.

மெல்போர்னில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வண்டி சீட்டைத் துடைத்து கண்டிஷனர் தடவுகிறவன் நான். இதற்கென்றே இரண்டு பாட்டில் கண்டிஷனரைத் துணிக்குள் சுற்றி எடுத்துவந்திருந்தேன். தடவினேன். ஒன்றும் ஆகவில்லை. வெடிப்பு பளபளப்பான வெடிப்பாக மாறியது, அவ்வளவுதான்.

சரி, நெடுஞ்சாலை ஓரம் புதிதாகக் கண்ணாடிக் கதவோடு ஒரு கார் டீட்டெய்லிங் கடை. வாசலில் 'லெதர் ரெஸ்டோரேஷன்' என்று போர்டு. உள்ளே ஏசி, டீ-ஷர்ட் போட்ட பையன்கள், டேப்லெட்டில் பில். அட, நம்ம ஊரும் இப்படி வந்துவிட்டதே என்று மனசு குளிர்ந்து 6,000 ரூபாய் கொடுத்தேன். மூன்று மணி நேரத்தில் வண்டி திரும்பி வந்தது. சீட் கண்ணாடி மாதிரி மின்னியது. அம்மா ஏறி உட்கார்ந்தார். முதல் வேகத்தடையில் ஒரு அடி முன்னால் வழுக்கி வந்தார். "என்னடா இது, சறுக்குமரமா?" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் திருப்பத்தூரில் கல்யாணம். மே மாதம், காலை பத்து மணிக்கே நெருப்பு. நான் ஓட்ட, அப்பா பக்கத்து சீட்டில் புது வேட்டியில். மண்டப வாசலில் அவர் இறங்கி நாலு எட்டு வைத்ததும் பின்னால் வந்த மாமா, "மச்சான், கொஞ்சம் நில்லுங்க" என்றார். வேட்டியின் பின்பக்கம் ஆஸ்திரேலியா மேப் சைஸுக்குப் பழுப்புக் கறை. அதன் கீழே தையல் கோடுகூட ரூல் போட்டது போலத் தெளிவாகப் பதிந்திருந்தது. அப்பா கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர் கல்யாணம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. மொய்கூட என்னிடம் கவரைக் கொடுத்துத்தான் எழுதச் சொன்னார். தாலி கட்டும்போது எல்லோரும் எழுந்து நிற்க, அவர் மட்டும் உட்கார்ந்தபடியே அட்சதை போட்டார். "என்ன, மூட்டுவலியா?" என்று பெரியத்தை கேட்டதற்கு, "ஆமா" என்றார்.

மூன்றாம் நாள் கடைக்குப் போனேன். டீ சொன்னார்கள். குடிக்காமல் பேச ஆரம்பிக்க முடியாது, தெரியும்தானே. "அண்ணே, புது லெதர்னா கொஞ்சம் கலர் விடும்" என்றான் பையன். 20 வருஷத்து லெதர், இதில் என்னடா புதுசு? "இம்போர்ட்டட் கெமிக்கல்ண்ணே, காயக் காய சரியாயிடும்." ஓனர் சாப்பிடப் போயிருந்தார். நாலு மணிக்கும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பையன் ஒரு வழி சொன்னான்: "மேல ஒரு ரெக்சின் கவர் போட்டுடலாம்ண்ணே. லெதர் மாதிரியே இருக்கும்."

லெதர் மாதிரியே! வாணியம்பாடியில்! இந்தப் பக்கம் ஆம்பூர், அந்தப் பக்கம் பேரணாம்பட்டு, தாண்டினால் ராணிப்பேட்டை; பாலாறு நெடுக டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை. சின்ன வயதில் காற்று திரும்பினால் பள்ளிக்கூட ஜன்னலைச் சாத்துவோம். இந்த டேனரிக் கழிவுக்காக சுப்ரீம் கோர்ட் வரை போய் 1996இல் தீர்ப்பே வந்தது. ஆறு இந்தத் தோலுக்காகப் போச்சு. அந்த ஊரில் நின்று ரெக்சின் கவர் வாங்கவா?

மெல்போர்ன் என்றால் வேனில் ஒருத்தர் வீட்டுக்கே வருவார். அதற்கு மூன்று வாரம் முன்னால் புக் பண்ண வேண்டும், ஒரு சீட்டுக்கு எனக்குச் சொன்ன விலை 450 டாலர். ஆனால் வேட்டி பாழானால் பணம் திரும்பி வரும். இங்கே திரும்பி வந்தது இன்னொரு டீ. அன்று ராத்திரி வீட்டில் நான் பேசிய பேச்சில் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அப்பாவின் வாக்கிங் நண்பர் சொல்லித்தான் பாய் வந்தார். டேனரியில் 30 வருஷம் பினிஷிங் செக்ஷன், அதாவது பதனிட்ட தோலுக்குக் கலர் ஏற்றும் இடம். டிவிஎஸ் 50-இல் ஒரு பை, அதில் சின்ன ஸ்ப்ரே கன். போர்டும் இல்லை, பில்லும் இல்லை. சீட்டைத் தொடுவதற்கு முன் முகர்ந்து பார்த்தார்.

"தேங்காய் எண்ணெய் போட்டிருக்கீங்களா?"

அப்பா என்னைப் பார்க்காமல், "ரெண்டு வருஷம் முன்னாடி, லேசா" என்றார்.

பாய் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். முத்து மாதிரி அப்படியே நின்றது. "பாருங்க தம்பி, உள்ள போகல. கார் தோலுக்கு மேல கலர், அதுக்கு மேல பிளாஸ்டிக் மாதிரி ஒரு கோட்டு இருக்கு. நீங்க கண்டிஷனர் எவ்வளவு தேய்ச்சாலும் மேலயே நிக்கும். வெடிச்சது பாதி அந்தக் கோட்டுதான்." எத்தனை ஞாயிற்றுக்கிழமை! நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து சீட்டின் அடியில் கையை விட்டு ஓரத்தைப் புரட்டிக் காட்டினார். உட்காரும் பகுதியின் அடிப்பக்கம் நார் நாராக, மெத்தென்று இருந்தது. பக்கவாட்டில் துணி நெசவு தெரிந்தது. "உட்கார்ற இடம் மட்டும்தான் தோல். சைடெல்லாம் ரெக்சின்." இத்தனை வருஷமாக முழு லெதர் என்று அப்பா சொந்தக்காரர்களிடம் சொல்லி வந்தது என்ன ஆவது?

வேலையில் முக்கால்வாசி துடைப்பதுதான். கடைக்காரன் தடவியது சிலிக்கோன் பாலிஷும் ஷூ பாலிஷ் மாதிரி ஏதோ ஒரு கலரும். அது துளி இருந்தாலும் மேலே அடிக்கிற கலர் பிடிக்காது, புள்ளி புள்ளியாக விலகிக்கொள்ளுமாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தார், பஞ்சைப் பார்த்தார், தூக்கிப் போட்டார், மறுபடி துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வரும்வரை மதியமாகிவிட்டது. அப்புறம் 600 நம்பர் உப்புத்தாள் லேசாக. வெடிப்பில் ஃபில்லரை விரல் நுனியால் நிரப்பி, காயவிட்டு, மறுபடி தேய்த்து.

கலர் சேர்த்ததைத்தான் நான் மறக்க மாட்டேன். ஒரு பிளாஸ்டிக் மூடியில் வெள்ளை, அதில் மஞ்சள், பழுப்பு, ஊசி முனையில் கருப்பு. அதை ஹெட்ரெஸ்டின் பின்பக்கத்தில், வெயில் படாமல் பழைய கலர் அப்படியே இருந்த இடத்தில், ஒரு தீற்று வைத்தார். அம்மாவின் ஹேர் டிரையரைக் கேட்டு வாங்கிக் காய வைத்தார். காய்ந்தால் கலர் இறங்குமாம். தலையை ஆட்டித் துடைத்துவிட்டு மறுபடி ஒரு சொட்டு மஞ்சள். ஆறாவது தீற்றலை நான் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. அளவுக் கரண்டி இல்லை, மெஷின் இல்லை. மெல்போர்ன்காரர் இதற்குக் கம்ப்யூட்டர் வைத்திருப்பதாக வெப்சைட்டில் போட்டிருக்கிறார்.

மெல்லிசாக நாலு கோட், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது, கடைசியில் மேட் டாப் கோட். "பளபளன்னு வேணுமா?" என்று கேட்டார். வீட்டில் மூன்று பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். இரண்டு நாள் யாரும் உட்காரக் கூடாது, இனிமேல் எண்ணெய், பாலிஷ் எதுவும் கூடாது, ஈரத்துணியும் லேசான சோப்புத் தண்ணீரும் போதும், நிழலுக்கு ஒரு ஷீட் போடுங்கள் என்றார். மெட்டீரியலோடு 4,500. நான் 6,000 நீட்டினேன். எண்ணி 1,500-ஐ அம்மாவிடம் கொடுத்துவிட்டார். பின்சீட்டில் ஒரு ரெக்சின் மடிப்பு கிழிந்திருந்தது, அதை மட்டும் தொடவில்லை. "அது என் வேலை இல்ல தம்பி, தையல்காரர் வேலை."

மூன்றாம் நாள் காலை பாய் வந்து வெள்ளைத் துணி கேட்டார். டேனரியில் அப்படித்தான் பார்ப்பார்களாம், முதலில் காய்ந்த துணியால் தேய்த்து, அப்புறம் ஈரத்தால். நான் கர்ச்சீப்பை எடுப்பதற்குள் அப்பா உள்ளே போய் அந்தக் கல்யாண வேட்டியைக் கொண்டுவந்தார். கறை படாத முனையை விரலில் சுற்றி, தண்ணீரில் தோய்த்து, அவரே தேய்த்தார். பாய் ஐம்பது வரை எண்ணினார். அப்பா வேட்டி முனையை வெயிலில் தூக்கிப் பிடித்து, கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சரி, வண்டிய எடு" என்றார்.