பிரதியா, படமா?

ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கதையைச் சொல்லும், அமெரிக்க எழுத்தாளர் லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் தி சன்’ நாடகத்தைப் பாடமாகப் படிப்பவர்களுக்கு இரண்டு வழி: 1959இல் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறிய நாடகத்தின் பிரதி, இல்லாவிட்டால் 1961இல் வந்த திரைப்படம்.

படத்தின் பெரிய பலம், சிட்னி பொய்ட்டியே, ரூபி டீ, கிளாடியா மெக்நீல் என்று மேடையில் நடித்தவர்களே அதிலும் நடித்திருப்பது. திரைக்கதையும் ஹான்ஸ்பெரியே. குடும்பத்தின் காப்பீட்டுப் பணம் பறிபோன சேதி கேட்டு அந்த வீட்டு மகன் வால்ட்டர் உடைந்துபோவதைத் தாளில் படிப்பதும் பொய்ட்டியேவின் முகத்தில் பார்ப்பதும் ஒன்றாகாது.

ஆனால் படம் மதுக்கடைக்கும் புது வீட்டுக்கும் போய்வந்துவிடுகிறது. பிரதியில் சிகாகோவின் தெற்குப் பகுதியில் இருக்கும் அந்த நெருக்கடியான வீட்டைவிட்டு நாம் நகர்வதே இல்லை. மூச்சு முட்டும்; முட்டத்தான் வேண்டும். கம்பளம் தேய்ந்த இடத்தை மறைக்க மேசையோ நாற்காலியோ நகர்த்திப் போடப்பட்டிருப்பதை மேடைக்குறிப்பு சொல்கிறது (பலரும் தாண்டிப்போகும் பகுதி இது). தந்தை இறந்ததால் வரும் அந்த 10,000 டாலர் காப்பீட்டுப் பணம் அந்தக் குடும்பத்தை ஏன் இப்படி ஆட்டிவைக்கிறது என்பது அந்த ஒரு வரியிலேயே பிடிபட்டுவிடும்.

தேர்வில் மேற்கோள் காட்டவும் பிரதிதான் கைகொடுக்கும். மூன்றாம் அங்கத்தையும் படித்து முடித்த பிறகு படத்தைப் போடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.