பிஎச்பியிலிருந்து பைத்தானுக்கு: ஹாஷ் ஒன்றுதான், பைட்டுகள்தான் வேறு

பழைய பிஎச்பி நிரலைப் பைத்தானுக்கு மாற்றும்போது ஹாஷ் (தரவிலிருந்து கணக்கிடும் நிலையான நீளக் கைரேகை), என்கோடிங் (தரவை வேறு வடிவில் எழுதுவது) வரிகளைக் கடைசிக்குத் தள்ளிவிடுவது வழக்கம். 'எம்டி5 எங்கே போனாலும் எம்டி5தானே, அரை மணி நேர வேலை' என்ற நினைப்புதான் காரணம். எம்டி5 என்ற ஹாஷ் முறையின் அல்காரிதத்தைப் பொறுத்தவரை அது உண்மை. 1992-இல் ஆர்எஃப்சி 1321 என்ற இணைய நுட்ப ஆவணத்தில் எழுதி வைத்ததுதான் இன்றும் இரண்டு மொழிகளிலும் ஓடுகிறது. தகராறெல்லாம் உள்ளே போகும் பைட்டிலும் வெளியே வரும் வடிவத்திலும்தான்.

பிஎச்பிக்கு ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) என்றால் பைட் வரிசை. 'தமிழ்' என்று கொடுத்து நீளம் கேட்டால் யுடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டாக்கும் ஒரு முறை) கோப்பில் 15 என்று சொல்லும். பைத்தான் 3 அதே சொல்லுக்கு 5 என்கும். அது எண்ணுவது யூனிகோட் குறிகளை: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அதனால் பிஎச்பியில் எம்டி5 நேரடியாக வேலை செய்யும் இடத்தில், பைத்தானின் ஹாஷ் நூலகமான ஹாஷ்லிப் 'முதலில் பைட்டாக மாற்றிக் கொடு' என்று டைப்எரர் என்ற பிழையை வீசும். பிஎச்பியில் பழகியவர்களுக்கு இது எரிச்சலூட்டும். எனக்கு இந்தப் பிடிவாதம் பிடிக்கும். தவறு நடந்த வரியிலேயே தெரிந்துவிடுகிறதே. பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக எழுதும் பேஸ்64-இலும் இதே கதை: கடைசியில் வரவேண்டிய = குறி விடுபட்டிருந்தால் பிஎச்பி கண்டுகொள்ளாமல் பிரித்துக் கொடுத்துவிடும், பைத்தான் மறுத்துவிடும்.

சத்தம் போடும் பிழைகள் இவ்வளவுதான். நாளைத் தின்பவை சத்தமில்லாதவை.

யுஆர்எல் என்கோடிங்கை, அதாவது இணைய முகவரியில் அப்படியே வைக்க முடியாத குறிகளை மாற்றி எழுதுவதை, எடுத்துக்கொள்ளுங்கள். பிஎச்பியில் யுஆர்எல்என்கோட் இடைவெளியை + ஆக்கும், ராயுஆர்எல்என்கோட் %20 ஆக்கும். பைத்தானில் முதலாவதற்கு குவோட் பிளஸ், இரண்டாவதற்கு குவோட் என்று பொருத்திவிடலாம் போலத் தோன்றும். ஆனால் குவோட், / குறியைத் தொடாமல் விட்டுவிடும். ராயுஆர்எல்என்கோட் அதையும் மாற்றும். சரிசெய்ய, சேஃப் என்ற அளவுருவைக் காலியாகக் கொடுக்க வேண்டும். குவோட் பிளஸ் பக்கமோ வேறு சிக்கல்: ~ குறியை பிஎச்பியின் யுஆர்எல்என்கோட் மாற்றும், பைத்தான் 3.7-இலிருந்து மாற்றாது. இதில் எது சரி என்று வாதிடுவதில் பயனில்லை. எதிர்முனை எதை எதிர்பார்க்கிறதோ அதுதான் சரி.

ரகசியச் சாவியோடு ஹாஷ் போட்டுக் கையொப்பமிடும் எச்மேக் இன்னும் மோசம். பிஎச்பியின் ஹாஷ் எச்மேக்கில் முதலில் அல்காரிதம், அப்புறம் தரவு, அப்புறம் சாவி. பைத்தானில் சாவி முதலில், தரவு இரண்டாவது. வரிசையை அப்படியே கொண்டுபோனாலும் பிழை எதுவும் வராது. ஷா256 என்ற ஹாஷ் முறை என்றால் அழகாக 64 எழுத்துள்ள கையொப்பம் வரும், தவறான கையொப்பம்.

எனக்கு ஒரு முழு மாலை போனது ஜேசனில், தரவை உரையாக எழுதும் வடிவத்தில். கட்டணக் கோரிக்கையை ஜேசனாக்கி, அதற்கு ஷா256 கையொப்பம் போடும் நிரல் அது. சாவி சரி, வரிசை சரி, ஆனாலும் கையொப்பம் பொருந்தவில்லை. பிஎச்பி '12/05' என்ற தேதியை '12\/05' என்று எழுதும்; பைத்தான் எழுதாது. பைத்தான் காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் பின்னால் ஓர் இடைவெளி விடும், பிஎச்பி விடாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஹாஷுக்குத் தெரியாதா என்ன? செபரேட்டர்ஸ் அளவுருவில் இடைவெளியை நீக்கி, / குறியை நானே மாற்றிய பிறகுதான் பொருந்தியது.

பெயரைப் பார்த்து ஏமாறும் இடங்களும் உண்டு. பிஎச்பியின் யுடிஎஃப்8 என்கோட், பைத்தானின் என்கோட் அல்ல. வருவதெல்லாம் லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய என்கோடிங்) என்று எடுத்துக்கொண்டு அதை யுடிஎஃப்-8 ஆக மாற்றும். ஏற்கெனவே யுடிஎஃப்-8 ஆக இருக்கும் தமிழை அதில் போட்டால் இரட்டை என்கோடிங் ஆகிவிடும். அந்தக் குப்பையின் ஹாஷ்தான் தரவுத்தளத்தில் இருக்கிறது என்றால், பைத்தானிலும் அதே குப்பையை உருவாக்கியாக வேண்டும், வேறு வழியில்லை. பிஎச்பி 8.2-இலிருந்து இதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள், நல்லதுதான். அதேபோல் பிஎச்பியின் ஹாஷ் செயற்கூற்றுக்குப் பைத்தானின் ஹாஷைப் போடாதீர்கள். ஸ்ட்ரிங்குக்கு அது ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு எண் தரும். சிஆர்சி32 (பிழை கண்டறியும் சரிபார்ப்பு எண்) வேண்டுமென்றால் பைத்தானின் ஸீலிப் நூலகத்துக்கு இணை பிஎச்பியின் ஹாஷ் செயற்கூற்றில் 'சிஆர்சி32பி'; அதே செயற்கூற்றில் 'பி' இல்லாதது வேறு கணக்கு.

கடவுச்சொல் மட்டும் ஆச்சரியமாகச் சுலபம். பிஎச்பியின் $2ஒய்$ என்று தொடங்கும், கடவுச்சொல்லுக்கான பிகிரிப்ட் ஹாஷைப் பைத்தானின் பிகிரிப்ட் நூலகம் அப்படியே ஏற்கும். 72 பைட் வரம்பை மட்டும் கவனியுங்கள். தமிழில் அது 24 குறிகள்தான். அதைத் தாண்டினால் பிஎச்பி சத்தமில்லாமல் வெட்டும், நூலகத்தின் 5.0 பதிப்போ பிழை காட்டும்.

இப்போதெல்லாம் பழைய சர்வரை நிறுத்தும் முன்பே ஒரு சோதனை ஸ்ட்ரிங்கை அதில் ஓட்டி விடைகளை எழுதி வைத்துக்கொள்கிறேன்: ஒரு தமிழ்ச் சொல், ஓர் இடைவெளி, ஒரு /, ஒரு +, ஒரு ~. அதோடு ஒரு காலி ஸ்ட்ரிங்கும்.