இரண்டு டன் சேலஞ்சர்: எடை எங்கே ஒளிகிறது, எங்கே பிடிபடுகிறது

அமெரிக்காவின் டாட்ஜ் நிறுவனத்தின் சேலஞ்சர் ஸ்காட் பேக் காரை வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் 485 குதிரைத்திறனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 1,920 கிலோவைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. 2018ஆம் ஆண்டு மாடல், எட்டு கியர் ஆட்டோமேட்டிக் ஒன்றைச் சில ஆண்டுகளாக வட கரோலினாவில் ஓட்டி வருகிறேன். அலுவலகம் போவதும் இதில்தான், விடுமுறையில் மலையேறுவதும் இதில்தான். இந்தக் காரின் குணத்தைத் தீர்மானிப்பது அந்த இரண்டாவது எண்தான் என்பது என் கட்சி.

நெடுஞ்சாலையோரம் லாரிகளுக்கு எடை போடும் மேடை ஒன்றில் காரை ஏற்றிப் பார்த்தேன். முன்சக்கரங்கள் ஒரு பலகையிலும் பின்சக்கரங்கள் அடுத்த பலகையிலும் நிற்கும்படி நிறுத்தினால், இரண்டின் எடையும் தனித்தனியாகச் சீட்டில் அச்சாகி வரும். பாதி டேங்க் பெட்ரோலோடு நானும் உட்கார்ந்திருக்க, மொத்தம் இரண்டு டன்னைத் தொட்டது. அதில் நூற்றுக்கு 56 பங்கு முன்சக்கரங்களின் தலையில். பேட்டரியைப் பின்னால் டிக்கிக்குள் வைத்திருந்தும் இந்தக் கதி.

காரணம் தெரிந்ததுதான். 6.4 லிட்டர் ஹெமி இன்ஜினின் சிலிண்டர் பிளாக் வார்ப்பிரும்பால் ஆனது. இதோடு சந்தையில் மோதிய ஃபோர்டு மஸ்டாங் ஜிடியிலும் செவ்ரோலே கமாரோ எஸ்எஸ்ஸிலும் அது அலுமினியம். போதாததற்கு, கிரைஸ்லர் 300 போன்ற நான்கு கதவு கார்களுக்காக உருவான அடித்தளத்தைக் கொஞ்சம் குறுக்கித்தான் இந்தக் காரைக் கட்டினார்கள். ஐந்து மீட்டர் நீளம், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே சுமார் 2,950 மி.மீ. சக்கர இடைவெளி. போட்டிக் கார்கள் இரண்டும் 1,700 கிலோவுக்கு அக்கம்பக்கத்தில் நிற்கின்றன. எந்நேரமும் மூன்று பெரியவர்களைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு ஓடுகிறது சேலஞ்சர்.

நேர்சாலையில் இது தெரியவே தெரியாது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் 644 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை எடையை வாயடைத்துவிடுகிறது. கணக்குப் போட்டால் டன்னுக்கு 253 குதிரைத்திறன். 455 குதிரைத்திறன் கொண்ட கமாரோவுக்கு 272. இருந்தும் சிக்னலில் பச்சை விழுந்து கிளம்பும்போது அந்த வித்தியாசம் முதுகுக்குத் தெரிவதில்லை. கால் மைல் ஓட்டத்தை 12 வினாடிச் சொச்சத்தில் முடிக்கிற காரைக் கனமானது என்று யார் சொல்வார்கள்?

பிரேக்கைத் தொட்டதும் கதை மாறும். 100 கி.மீ. வேகத்தில் 1,920 கிலோ சுமக்கும் இயக்க ஆற்றல் சுமார் 740 கிலோஜூல். கமாரோ போன்ற 1,670 கிலோ காருக்கு அதே வேகத்தில் சுமார் 645. அவ்வளவும் வெப்பமாகப் பிரேக் தட்டுகளில்தான் இறங்கியாக வேண்டும். ஒரு தடவை நிறுத்துவதற்கு இதில் உள்ள பிரெம்போ பிரேக்குகள் தாராளமாகப் போதும். மலை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு மிதிக்கும்போதுதான் தட்டு ஆறுவதற்குள் அடுத்த சூடு ஏறிவிடுகிறது. ஆகவே இறக்கத்தில் நான் இரண்டாம், மூன்றாம் கியரில் இன்ஜினையே இழுத்துப் பிடிக்க விடுகிறேன். கீழே வந்து நிறுத்திக் கதவைத் திறந்தால் அப்போதும் சூடேறிய பிரேக் பேட் வாசனை மூக்கில் ஏறும்.

வளைவு விஷயம் இன்னும் சுவாரசியம். பள்ளிக்கூட இயற்பியல்படி, எடை கூடினால் உராய்வும் அதே விகிதத்தில் கூட வேண்டும். கனமான காரும் இலகுவான காரும் ஒரே வேகத்தில் திரும்ப வேண்டும். ரப்பர் அந்தப் பாடத்தைப் படித்ததில்லை. டயர் மீது சுமையை இரட்டித்தால் பிடிமானம் இரட்டிப்பாவதில்லை, அதற்குக் குறைவாகவே கூடுகிறது. வளைவில் உள்பக்கச் சக்கரங்களின் சுமை வெளிப்பக்கத்துக்குப் போய்விடுவதால், வெளிப்பக்க முன்டயர் மட்டும் தன் பங்குக்கு மேல் சுமக்கிறது. அதுதான் முதலில் கைவிரிக்கும்: ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பினாலும் மூக்கு வளைவின் வெளிப்புறமாகவே போகும். போதாக்குறைக்கு நிறுவனம் கொடுத்தது 245 மி.மீ. அகல டயர். இரண்டு டன்னுக்கு இது மெலிந்த கால்தான். பிற்பாடு வந்த, உடல் அகலமான வைட்பாடி மாடலுக்கு 305 மி.மீ. போட்டதிலிருந்தே நிறுவனத்துக்கும் இது தெரிந்திருந்தது என்று புரிகிறது.

டென்னசி எல்லையில் உள்ள டீல்ஸ் கேப் சாலையில் 11 மைலுக்கு 318 வளைவுகள். அங்கே ஒரு தனி வளைவு இந்தக் காருக்குப் பெரிய பாடில்லை. இடது முடிந்து மூச்சு விடுவதற்குள் வலது வருகிற இடங்களே சோதனை. உடல் ஒரு பக்கம் சாய்ந்து நிலைகொண்டு, மறுபடி மறுபக்கம் சாய்ந்து அடங்கும்வரை ஸ்டீயரிங்கின் பேச்சை டயர்கள் அரைமனதாகத்தான் கேட்கின்றன. காத்திருந்து, மெதுவாக நுழைந்து, வெளியேறும்போது ஆக்சிலேட்டரைத் திறந்தால் அழகாகப் போகிறது. அவசரப்பட்டால் காரும் நானும் சண்டை போட்டுக்கொள்கிறோம்.

நான் செய்த மாற்றங்களில் அதிகப் பலன் தந்தது 275 மி.மீ. டயர்களும் அவற்றுக்கேற்ற இலகுவான ஃபோர்ஜ்டு (உலோகத்தை அழுத்தி அடித்து உருவாக்கிய) ரிம்களும். சக்கரத்தில் குறையும் எடைக்கு மதிப்பு அதிகம்: அது சுழல வேண்டிய எடை, ஸ்பிரிங் தாங்காத எடையும்கூட. மேடுபள்ளத்தில் முன்பக்கம் இப்போது தத்துவதில்லை. பின்பக்கத்துக்குத் தடிமனான ஆன்ட்டி ரோல் பார், அதாவது வளைவில் உடல் சாய்வதைத் தடுக்கும் கம்பி, போட்டதும் மூக்கின் பிடிவாதம் குறைந்தது. ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் மொத்தச் சுமையை அந்தப் பார் குறைப்பதில்லை. முன்டயர்களின் பங்கில் கொஞ்சத்தைப் பின்டயர்களுக்கு மாற்றி எழுதுகிறது, அவ்வளவே. அதிக வெப்பம் தாங்கும் பிரேக் ஆயிலும் போட்டிருக்கிறேன். இன்ஜினைத் தொடவில்லை.

எடைக்கு மருந்து இன்னும் கொஞ்சம் சக்தி என்று நண்பர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. 707 குதிரைத்திறனோடு 2015இல் வந்த சேலஞ்சர் ஹெல்கேட் மாடல் இதைவிட ஏறக்குறைய 100 கிலோ கூடுதல். சூப்பர்சார்ஜரும் அதன் குளிரூட்டும் ஏற்பாடுகளும் உட்கார்ந்திருப்பது ஏற்கெனவே கனமான மூக்கில். 2018இல் சேலஞ்சர் டீமன் மாடலைச் செய்தபோது, 840 குதிரைத்திறன் இருந்தும், டாட்ஜ் பொறியாளர்கள் முன்பயணியின் இருக்கையையும் பின் இருக்கையையும் கழற்றி எறிந்தார்கள். வேண்டுமென்றால் ஒரு டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள்! நேர்க்கோட்டுக்கென்றே பிறந்த காருக்கே அந்த அக்கறை. இப்போது வந்துள்ள டாட்ஜின் மின்சாரக் கார், சார்ஜர் டேட்டோனா, 2,600 கிலோவைத் தாண்டுகிறது. மலைச்சாலையில் அதை நினைத்துப் பார்க்கவே எனக்குத் தோள் வலிக்கிறது.

பாரத்தால் நன்மையே இல்லையா என்றால், உண்டு. நெடுஞ்சாலையில் இந்தக் காருக்கு நிகரில்லை. பக்கத்தில் பெரிய லாரி கடக்கும்போது மஸ்டாங் சற்றே தடுமாறுகிறது, இது அசைவதில்லை. நீண்ட சக்கர இடைவெளியும் கனமும் சேர்ந்து சாலை வெடிப்புகளை விழுங்கிவிடுகின்றன. பின் இருக்கையில் பெரியவர்களும் உட்காரலாம். பாதி சிலிண்டர்கள் ஓய்வெடுக்கும் வசதி இருப்பதால் சீரான வேகத்தில் லிட்டருக்கு 10 கி.மீ. கிடைக்கிறது, ஊருக்குள் ஆறைத் தாண்டினால் அதிர்ஷ்டம்.

2023 டிசம்பரோடு தயாரிப்பு நின்றுவிட்டதால் இனி பழைய வண்டிதான். பார்க்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தத்தில் மயங்குவதற்கு முன் முன்டயர்களின் வெளித்தோள் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கவும். பிறகு ரிம் இடைவெளியில் விரலை நுழைத்துப் பிரேக் தட்டின் விளிம்பைத் தடவிப் பார்க்கவும். தட்டு ஆறியிருக்க வேண்டும். வரப்பு மாதிரி விளிம்பு எழும்பியிருந்தால் தட்டு தேய்ந்திருக்கிறது, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். வளைவுகளுக்காகவே கார் தேடுகிறவர்கள், அதே ஆண்டில் தயாரிப்பு நின்ற கமாரோவையும் ஓட்டிப் பார்க்கட்டும். உயரமானவர்கள் தலை இடிக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கட்டும்.