கெர்ட்ரூடின் கோடரியா, ஹெர்பர்ட்டின் வாளா?

கறுப்பு நகைச்சுவையும் மாயக்கதையும் கலந்த காமிக்ஸ் வாசிக்க ஆசை, எதிலிருந்து தொடங்கலாம் என்று இலங்கை மலையகத்தின் ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்துத் தம்பி தங்கைகள் கேட்டால் இரண்டு பெயர்கள் உடனே என் வாயில் வரும். ஒன்று அமெரிக்கர் ஸ்காட்டி யங்கின் ‘ஐ ஹேட் ஃபேரிலேண்ட்’. மற்றது பிரெஞ்சுக்காரர்களான ஜோவான் ஸ்ஃபாரும் லூயிஸ் ட்ரோண்டெயிமும் சேர்ந்து எழுதும் ‘டொன்ஜோன்’, ஆங்கிலத்தில் ‘டஞ்சன்’, அதாவது நிலவறை. இரண்டிலும் தலைகள் உருளும், இரண்டிலும் சிரிப்பு வரும். முதலாவதில் கொலையே வேடிக்கை. இரண்டாவதில் கொலை ஒரு மாதச் சம்பள உத்தியோகம், வேடிக்கை அந்த உத்தியோகத்தைப் பற்றியது. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இரண்டாவதுதான் ஆழமாக உறைக்கும் என்பது என் கட்சி. ஆனால் படத்துக்காக மட்டும் கேட்டால் பதில் அவ்வளவு சுலபமில்லை.

‘ஐ ஹேட் ஃபேரிலேண்ட்’ 2015இல் இமேஜ் காமிக்ஸ் வெளியீடாகத் தொடங்கியது. கெர்ட்ரூட் என்ற சிறுமி ஆறு வயதில் தேவதை நாட்டுக்குள் விழுகிறாள். வீடு திரும்ப ஒரு சாவியைக் கண்டுபிடிக்க வேண்டும். தேடித் தேடி 27 வருஷம் ஓடிவிட்டது. மனசுக்கு முப்பது தாண்டிவிட்டது, உடம்பு மட்டும் அதே ஆறு வயதில் நிற்கிறது. பச்சை முடி, கையில் கோடரி, கூடவே வழிகாட்டியாகச் சுருட்டுப் பிடிக்கும் ஓர் ஈ. கதை சொல்ல வந்த நிலாவையே பீரங்கியால் சுடும் அளவுக்கு அவளுக்கு வெறுத்துப்போயிருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கோணல், அந்த நாட்டுச் சட்டம். கெர்ட்ரூட் விருந்தாளி, அதனால் அரசி க்ளௌடியா அவள்மேல் கை வைக்க முடியாது. விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள் நம் ஆட்கள். இங்கே 27 வருஷமாகப் போகாத விருந்தாளி, போகிற இடமெல்லாம் வீட்டுக்காரர்களையே வெட்டிக்கொண்டு திரிகிறாள். பொறுக்க முடியாத அரசி கடைசியில் இன்னொரு சிறுமியை விருந்துக்கு வரவழைக்கிறாள். அவள் சாவியை முதலில் எடுத்துவிட்டால் கெர்ட்ரூடின் விருந்தாளி உரிமை போய்விடும். இவ்வளவு கச்சிதமான கதைமுடிச்சை இந்தத் தொடர் பிறகு அடிக்கடி போடவில்லை.

படத்துக்கு வருவோம். யங் இதற்கு முன் மார்வெலுக்காக, எரிக் ஷனோவரின் எழுத்தில், ஓஸ் கதைகளைக் காமிக்ஸாக வரைந்தவர். அங்கே வண்ணம் பூசிய ஜான் ஃபிரான்ஸ்வா போலியூதான் இங்கேயும் வண்ணம். அதாவது, அசல் தேவதைக் கதையின் இனிப்பை ஆண்டுக்கணக்காகக் காய்ச்சியவர்களே இப்போது அதைப் போட்டு உடைக்கிறார்கள். பெரிய தலை, குச்சிக் கைகால், கட்டத்தை விட்டுத் தெறித்து வெளியே பாயும் மை. குடல் சரியும் பக்கத்திலும் வானம் பஞ்சுமிட்டாய் நிறத்திலேயே இருக்கும், ஒரு கட்டத்தில்கூட வண்ணம் இருண்டு நம்மை எச்சரிக்காது. வண்ணக்காரர் கெர்ட்ரூடின் அட்டகாசத்தைக் கண்டுகொள்ளாத மாதிரி நடிக்கிறார், சிரிப்பு அங்கிருந்துதான் வருகிறது. வசனத்தை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் பாதிச் சிரிப்பு மிஞ்சும்.

குறை என்ன? தாளம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். புது இடம், புது எரிச்சல், கோடரி. மூன்றாவது தொகுப்புக்குள் எந்தக் கட்டத்தில் யார் தலை போகும் என்று சொல்லிவிடலாம். முதல் சுற்று 20 இதழ்களோடு 2018இல் முடிந்தது. 2022இல் பிரெட் பீன் வரைய, யங்கே எழுத, மீண்டும் தொடங்கினார்கள். வரைகை துடிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் சுற்று வாசித்தவருக்கு அவசரமில்லை.

சரி, நிலவறைக்குப் போவோம். 1998இல் தொடங்கிய ‘டஞ்சன்’ தொடரின் அச்சு மிக எளியது. ஒரு பெரிய கோட்டை. உள்ளே புதையல், பேய்பிசாசு, பொறி. புதையலுக்கு ஆசைப்பட்டு வீரர்கள் வருவார்கள், சாவார்கள். அவர்கள் கொண்டு வந்த காசும் ஆயுதமும் கஜானாவில் சேரும். அதைக் கேள்விப்பட்டு அடுத்த வீரர்கள் வருவார்கள். இது ஒரு வியாபாரம், இதற்கு ஒரு நிர்வாகி உண்டு, அரக்கர்கள் எல்லாரும் அவருடைய ஆட்கள்.

இந்த இடத்தில் தோட்டத்துப் பிள்ளை நிமிர்ந்து உட்காருவான். அந்த நிர்வாகியான காப்பாளர் அப்படியே தோட்டத்துப் பெரிய தொரை. வாத்து ஹெர்பர்ட், ஏவல் வேலைக்கு ஓடும் பையன். கூலிக்கு அமர்த்திய வீரன் ஹெர்பர்ட்டின் தவறால் செத்துப்போக, தொரைக்குப் பயந்து செத்தவனின் உடுப்பை மாட்டிக்கொண்டு அவனே வீரனாகக் கிளம்புகிறான். மேலே இருப்பவருக்குத் தெரியாமல் ஒன்றைச் சமாளிக்கப் போய் அது பத்தாகும் கதை தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்கும் புதிதில்லை. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று நிறுவையில் கொழுந்துக் கிலோ கழிபட்ட கணக்கைக் கேட்டு வளர்ந்தவருக்கு, பிணத்தின் பையைத் தடவிக் கஜானாவை நிரப்பும் நிர்வாகத்தைப் பார்த்தால் வேறு விதமாகச் சிரிப்பு வரும். பிரான்ஸில் இருந்து எழுதுபவர்களுக்கு, காலையில் வேலை பிரிக்கும் நம் பிரட்டுக் களம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அதிகாரத்தின் அற்பத்தனம் எங்கும் ஒரே அச்சுத்தான்.

இன்னொன்று, இந்தத் தொடரில் நகைச்சுவை விதிகளில் இருந்து பிறக்கிறது. ஹெர்பர்ட்டோடு சேர்ந்து கிளம்பும் மார்வின் ஒரு டிராகன், சைவம். தன்னை ஏசியவனை அடிக்கக் கூடாது என்பது அவனுடைய மதம். ஆக, அவனிடம் அடி வாங்காமல் தப்ப நல்லதாக நாலு கெட்ட வார்த்தை போதும்! ஹெர்பர்ட்டுக்குக் கிடைக்கும் மந்திர வாளோ, வெறுங்கையால் வீரச் செயல் செய்து காட்டும்வரை உறையை விட்டே வராது. கெர்ட்ரூடுக்குத் தடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இவர்கள் இருவருக்கும் எல்லாமே தடை. அதனால்தான் இது பல பாகம் தாண்டியும் சலிக்கவில்லை.

படத்தில் மட்டும் ‘டஞ்சன்’ முதல் பார்வையில் தோற்கும். ட்ரோண்டெயிமின் கோடு அடக்கமானது, சின்னக் கட்டங்கள், பொம்மை முகங்கள். லக்கி லூக்கைத் தமிழில் வாசித்தவர்களுக்கு இந்தப் பிரெஞ்சுக் கட்ட ஒழுங்கு ஓரளவு பழகியிருக்கும். ஆனால் பொறுங்கள். கோட்டையின் பழைய காலத்தைச் சொல்லும் பாகங்களை வரையத் தொடங்கியவர் கிறிஸ்டோஃப் ப்ளேன். அங்கே நகரம் முழுக்க நிழலும் மூலைமுடுக்கும். அதன் வீழ்ச்சியைச் சொல்லும் அந்திக்காலப் பாகங்களை ஸ்ஃபார் தொடங்கிவைத்தார், கோடு நடுங்கும், கிறுக்கும், உலகமே ஆட்டம் காண்பது போல. அங்கே நம் கோமாளி வாத்து எல்லாரும் அஞ்சும் கொடுங்கோலனாகியிருக்கிறது, மார்வின் கண் தெரியாத கிழவன். கை மாறும்போது காலம் மாறுகிறது, படமே கதையைச் சொல்கிறது.

கை மாறுவது எல்லா இடத்திலும் இப்படிப் பலன் தராது. 2013இல் வந்த ‘ராட் குவீன்ஸ்’ இதே வகைதான், சண்டையும் குடியுமாகத் திரியும் நான்கு பெண்கள், வசனம் மூன்றிலும் இதில்தான் கூர்மை. ஆனால் ஓவியர் மாற மாற முகங்களும் மாறிக்கொண்டே போயின. அதற்குக் கதையில் காரணம் இல்லை. இந்தப் பந்தயத்தில் அது எனக்கு மூன்றாவது.

மாசியில் காமன் கூத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். காமன் எரிந்து ரதி புலம்பும் அதே இரவில்தான் சிரிப்பும் நடக்கிறது, ஒன்று மற்றதைக் கெடுப்பதில்லை. கெர்ட்ரூடின் உலகில் புலம்பல் கிடையாது, செத்தவருக்காக யாரும் நின்று அழுவதில்லை. ‘டஞ்சன்’ அழவிடுகிறது, அப்புறம் அடுத்த கட்டத்திலேயே கூச்சமில்லாமல் சிரிக்க வைக்கிறது.

தொடங்குவதானால் ‘டஞ்சன்’ வரிசையில், கோட்டையின் உச்சக்காலத்தைச் சொல்லும் ‘ஸெனித்’ முதல் பாகத்தை எடுங்கள். அந்திக்காலத்தைக் கையில் தொடாதீர்கள், ஹெர்பர்ட்டை முதலில் வாத்தாகப் பழகிக்கொள்ள வேண்டும். கெர்ட்ரூட் என்றால் முதல் ஐந்து இதழ்களின் தொகுப்பு போதும், கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறி ஹட்டனில் இறங்குவதற்குள் முடிந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுபோனால் அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அட்டையைப் பார்த்தால் பாலர் வகுப்புப் புத்தகம் போலிருக்கும். சின்னது எடுத்துக்கொண்டுபோய் அப்பாயியிடம் படம் காட்டிக் கதை சொல்லச் சொன்னால், அதற்குப் பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.