பாளையங்கோட்டையில் ஒரு மெடிக்கல்: தள்ளுபடி 5%, ஃபிரிட்ஜ் 4.6 டிகிரி

அப்பாவின் மருந்துகளுக்கு மாதம் சுமார் 3,000 ரூபாய் ஆகிறது. முன்பு வாங்கிய பெரிய கடையில் 20% தள்ளுபடி. மகாராஜநகர் பக்கம் இருக்கும் இந்தச் சின்ன மெடிக்கலில் 5%தான், அதுவும் இன்சுலினுக்குக் கிடையாது. பேரம் பேசிப் பார்த்தேன். "அது மட்டும் கேட்காதீங்க டீச்சர்" என்று அண்ணாச்சி சிரித்துவிட்டார். ஆனாலும் 2025 ஏப்ரலிலிருந்து இங்கேதான் வாங்குகிறேன். காரணம் ஒரு ஃபிரிட்ஜ்.

பழைய கடையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பா போடுவது 30/70 கலவை இன்சுலின். உள்ளங்கையில் வைத்து உருட்டினால் நீர்மோர் போல ஒரே சீராகக் கலங்க வேண்டும். அந்த ஏப்ரலில் வாங்கிய குப்பி எவ்வளவு உருட்டியும் திப்பி திப்பியாகவே நின்றது. விவரம் தெரியாமல் நான்கு நாள் போட்டுவிட்டோம். வெறும் வயிற்றில் 130 காட்டிக்கொண்டிருந்த சர்க்கரை 280ஐத் தாண்டியது. போய்க் கேட்டால், "கம்பெனியில் வந்ததைத்தான் கொடுக்கிறோம்" என்றார்கள். பையன் ஃபிரிட்ஜைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். பால் பாக்கெட், பாதி குடித்த கலர் பாட்டில், ஃப்ரீசரை ஒட்டினாற்போல் இன்சுலின் டப்பாக்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகின பிறகும் அதைப் போடக் கூடாது. எங்கள் குப்பி அங்கேதான் உறைந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த ஃபிரிட்ஜைப் பார்த்த பிறகு அந்தப் படியேற மனம் வரவில்லை.

இங்கே ஃபிரிட்ஜுக்கு வெளியே சின்னத் தெர்மாமீட்டர் தொங்குகிறது. நான் முதன்முதலில் பார்த்தபோது 4.6 காட்டியது. பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று, காலையும் மாலையும் அளவு எழுதிக் கையெழுத்து. கரண்ட் போனால் ஃபேன் நிற்கிறது, ஃபிரிட்ஜ் நிற்பதில்லை. இன்வெர்ட்டரை அதற்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். அண்ணாச்சி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மருந்தைக் கொடுப்பது ஃபார்மசிஸ்ட் பெண். சுவரில் லைசென்ஸுக்குப் பக்கத்தில் அவருடைய பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறது. அதில் இருக்கும் முகமும் கவுண்டரில் நிற்கும் முகமும் ஒன்றுதான்! சிரிக்காதீர்கள், சான்றிதழை மட்டும் வாடகைக்கு வாங்கி மாட்டும் கடைகள் உண்டு. அடுத்த முறை மருந்து வாங்கும்போது நிமிர்ந்து பாருங்கள்.

முதல் நாளே அவர் ஊசியைக் காட்டச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். அப்புறம்தான் புரிந்தது. நாங்கள் வாங்கும் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. ஆரஞ்சு மூடி ஊசி 100 யூனிட் இன்சுலினுக்கானது. 40 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி ஊசியை வைத்து 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மாற்றிச் செய்தால் இரண்டரை மடங்கு ஏறி ஆளே மயங்கிவிடலாம். பத்து வருடமாக ஊசி வாங்குகிறோம், இதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. புதுக் குப்பி தரும்போது சின்ன ஸ்டிக்கரும் ஒட்டித் தருகிறார், திறந்த தேதியை எழுத. "நாலு வாரத்துக்கு மேல மீதி இருந்தாலும் வேண்டாம் டீச்சர்." ஐஸ் பையைப் பேப்பரில் சுற்றித்தான் வைப்பார், குப்பி நேராக ஐஸில் படாமல்.

மாத்திரை அட்டையை வெட்டுவதிலும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள ஓரத்தைக் கடைசி வரை வெட்டுவதில்லை. பில்லிலும் இரண்டும் அச்சாகி வரும். இதன் அருமை 2025 அக்டோபரில் தெரிந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த சமயம். தங்கை மகனுக்கு வாங்கிய சிரப்பையும் பில்லையும் பதறிக்கொண்டு எடுத்துப் போனேன். வேறு கம்பெனி, வேறு மருந்து. இருந்தாலும் ஃபார்மசிஸ்ட் பேட்ச் எண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "பையனுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டார். மூன்று. சளிக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலவையை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023லேயே உத்தரவு வந்திருக்கிறதாம். டாக்டரிடம் காட்டாமல் இனி எந்தச் சிரப்பும் கிடையாது என்று அனுப்பிவிட்டார்.

சண்டையும் போட்டிருக்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாட்டிக் கேட்டேன், டாக்டர் சீட்டு இல்லை. தரமாட்டேன் என்றார். அது எச்1 பட்டியல் மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மாதக் கணக்காக வாங்கும் ஆளுக்கே இப்படியா என்று கோபமாக வந்துவிட்டேன். டாக்டரிடம் போனால் வைரஸ் காய்ச்சல், பாராசிட்டமால் போதும் என்றார். ஃபார்மசிஸ்டிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

குறைகள்: ஃபார்மசிஸ்ட் சாப்பிடப் போகும் அரை மணி நேரம் சீட்டு மருந்து எதுவும் கிடைக்காது, காத்திருக்க வேண்டும். உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதில் பெரும்பாலும் அண்ணாச்சி. வீட்டுக்குக் கொண்டுவந்து தர ஆள் இல்லை. ஞாயிறு மதியம் ஒன்றோடு சரி. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஐஸ் பையைத் திருப்பித் தரச் சொல்வார்கள், மறந்துவிடாதீர்கள். என்னிடமே மூன்று சேர்ந்துவிட்டது.