கடையில் ஸ்கான் செய்த காணிப் பத்திரம்: எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள்

முல்லைத்தீவு முத்தையன்கட்டில் இருக்கும் எங்கள் அம்மாவை ஏமாற்றி 28,000 ரூபா எடுத்துவிட்டார்கள். காசு போனது ஒரு பக்கம். எங்கள் காணிப் பேர்மிட் (அரசாங்கக் காணிக்கான அனுமதிப் பத்திரம்), அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஐசி (தேசிய அடையாள அட்டை) எல்லாம் மூன்று கிழமையாக யாரும் திறந்து பார்க்கக்கூடிய மாதிரி இணையத்தில் கிடந்திருக்கின்றன. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வன்னியில் கொமினிக்கேசன் கடைகளில் ஸ்கான் செய்கிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

அப்பா இறந்த பிறகு பேர்மிட்டை அம்மாவின் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றத்தில் கிடைத்த காணி அது. பத்திரங்களை அனுப்பினால் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுச் சொல்வதாகப் பிரான்சில் இருக்கும் அண்ணா சொன்னார். அதற்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏ-9 வீதியோரக் கடையொன்றுக்குப் போனேன்.

அம்மா அந்தப் பத்திரங்களைப் பொலித்தீன் பைக்குள் இன்னொரு பொலித்தீன் பை போட்டு, சீலைத் துண்டால் சுற்றி வைத்திருப்பார். 2009இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு போய், பிறகு செட்டிக்குளம் முகாமுக்கும் கொண்டு வந்தவர். நகை போனது, சைக்கிள் போனது, அந்தப் பை மட்டும் மிஞ்சியது. கடைப் பொடியன் பேர்மிட்டை விரித்தபோது, "தம்பி, மடிப்பிலை கிழிஞ்சுபோகும், மெல்லமா" என்று கையை நீட்டிக்கொண்டே நின்றார்.

பதினொரு பக்கம். "அக்கா, கூகுள் டிரைவிலை போட்டு லிங்க் அனுப்பிறன், வெளிநாட்டுக்கும் அதையே அனுப்புங்கோ" என்றான் பொடியன். லிங்க் என் வட்ஸ்அப்புக்கு வந்தது. அண்ணாவுக்கு அனுப்பினேன். வேலை முடிந்தது என்று பஸ் ஏறிவிட்டோம்.

மூன்று கிழமை கழித்து அம்மாவுக்கு ஒரு போன். "காணிக் கிளையிலிருந்து கதைக்கிறம்" என்று தொடங்கிய அந்த ஆள், பேர்மிட் இலக்கத்தைச் சொன்னான், அப்பா இறந்த திகதியைச் சொன்னான், அம்மாவின் ஐசி இலக்கத்தையும் வாசித்தான். நில அளவைக் கட்டணம் கட்டாவிட்டால் பெயர் மாற்றம் நின்றுவிடும் என்றிருக்கிறான். இவ்வளவு தெரிந்தவன் கந்தோர் ஆளாகத்தான் இருப்பான் என்று அம்மா நம்பிவிட்டார். நானும் அந்த இடத்தில் நம்பியிருப்பேன். அவன் சொன்ன கணக்குக்கு அன்றே காசு போட்டாயிற்று. பின்னேரம் பிரதேச செயலகத்துக்கு எடுத்துக் கேட்டால், அப்படி ஒரு கட்டணமே இல்லை என்கிறார்கள்.

இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டு அண்ணாவிடம் கதைத்தபோதுதான் அவர் சொன்னார்: "அந்த லிங்கிலை வேற ஆக்களின்ர பாஸ்போர்ட்டும் கிடந்தது. கடைக்காரரின்ர அலுவல் எண்டு நான் எங்கடையை மட்டும் எடுத்தனான்." நான் திறந்து பார்த்தேன். கடையில் அந்த மாதம் ஸ்கான் செய்த அத்தனையும் ஒரே போல்டரில். ஆசிரியர் ஒருவரின் இடமாற்றக் கடிதம், ஒரு குழந்தையின் வளர்ச்சி அட்டை, யாரோ ஒரு பெண்ணின் மருத்துவ அறிக்கை. அறிக்கையின் முதல் வரியோடு மூடிவிட்டேன். அதைப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. போல்டரின் அனுமதியோ, லிங்க் கையில் உள்ள எவரும் பார்க்கலாம், திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம் என்று இருந்தது. அவன் அங்கேயிருந்துதான் எடுத்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த மூன்று விபரமும் ஒன்றாகக் கிடந்த வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். முதலாளி, "எல்லாருக்கும் இப்பிடித்தான் குடுக்கிறம், ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை" என்றார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை. பொடியன் பாவம், பயந்துபோய் எங்கள் பத்திரங்களை உடனே அழித்தான். என் போனில் லிங்கை அழுத்தினேன். திறந்தது! டிரைவில் அழித்தால் அது குப்பைத் தொட்டிக்குத்தான் போகும், 30 நாள் அங்கேயே கிடக்கும். அங்கிருந்தும் நிரந்தரமாக அழிக்கும்வரை, பகிர்ந்தவர்களுக்கு அது திறக்கும். பிறகு தொட்டியையும் காலி செய்வித்து, மிச்சப் போல்டரின் பகிர்வைக் குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் என்று மாற்றுவித்தேன். மறுபடி அழுத்தியபோதுதான் அனுமதி இல்லை என்று வந்தது. இறக்கி வைத்திருப்பவர்களிடம் உள்ளதை இனி ஒன்றும் செய்ய முடியாது.

ஐசி இலக்கத்தை மட்டும் தந்தால் என்ன என்று நினைக்காதீர்கள். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்களும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய பன்னிரண்டு எண் இலக்கத்தில் வருடம் முழுதாகவே இருக்கிறது. இலக்கத்தை வைத்தே பிறந்த திகதியைச் சொல்லிவிடலாம்.

இப்போது நான் செய்வது இதுதான். கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கான் வசதி இருக்கிறது. கையிலிருக்கும் ஆண்ட்ராய்ட் போனில் வீட்டில் வைத்தே பிடிஎப் எடுக்கிறேன். பகிரும்போது லிங்க் உள்ள எவரும் என்பதைத் தொடுவதே இல்லை. அண்ணாவின் ஜிமெயில் முகவரியைப் போட்டு, பார்க்க மட்டும் என்று கொடுக்கிறேன். ஏற்கெனவே பகிர்ந்த போல்டருக்குள் புதிதாக ஒன்றையும் போடுவதில்லை, ஏனென்றால் போல்டரைப் பார்க்கக்கூடிய எல்லாருக்கும் அதுவும் தெரியும். அலுவல் முடிந்ததும் அண்ணாவின் பெயரையும் எடுத்துவிடுவேன். அவர் முதலில் கொஞ்சம் மனம் நொந்தார், பிறகு விளங்கிக்கொண்டார். கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் பென் டிரைவ் கொண்டு போங்கள், கடைக் கணினியில் உங்கள் ஜிமெயிலைத் திறக்காதீர்கள்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். வங்கிக்கும் எழுதியாயிற்று. அம்மா அந்தப் பையை இப்போது அரிசிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார், என்னிடம்கூடத் தர யோசிக்கிறார்.

அந்தப் போல்டரில் இருந்த மற்றவர்களில் நான்கு பேருக்குப் பொடியன் என் முன்னாலேயே போன் எடுத்துச் சொன்னான். மிச்சப் பேருக்குச் சொன்னானோ தெரியாது. கடையில் ஸ்கான் செய்து லிங்க் வாங்கியவர்கள் உங்கள் வட்ஸ்அப்பைத் தேடிப் பாருங்கள், அது இன்னும் கிடக்கும். உங்கள் ஜிமெயில் இல்லாத வேறு ஒரு போனுக்கு அனுப்பி அழுத்துங்கள். திறந்தால் அன்றைக்கே கடைக்குப் போய், உங்கள் கண் முன்னாலேயே மூடுவியுங்கள்.