கல்வியியல் பேராசிரியரின் பின்னணியைத் தேட எந்தத் தளம் உதவும்? எரிக், ஆர்கிட், ஸ்காலர்: ஒரு மதிப்பீடு

கல்வியியல் புலத்தில் முனைவர் பட்டத்துக்கோ ஆசிரியர் பயிற்சிக்கோ சேர நினைப்பவர் முதலில் திறப்பது அந்தப் புலத்தின் ஆசிரியர் பக்கத்தை. படம், பதவி, பட்டம், ஆய்வு ஆர்வம் என்று நாலு வரி இருக்கும். இவர் பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறாரா, எந்த வகுப்புக்கு, எத்தனை ஆண்டு என்பது பெரும்பாலும் இருக்காது. வேதியியல் துறையில் யாரும் இதைக் கேட்கப்போவதில்லை. நாளைய ஆசிரியரை உருவாக்கும் இடத்தில் கேட்காமல் இருக்க முடியாது. இலவசமாகக் கிடைக்கும் தளங்களில் இதற்கு அதிகம் உதவுவது எரிக் (ERIC) என்ற தரவுத்தளம். அடுத்தது ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் (ORCID). ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் மூன்றாவதுதான், அதுவும் எச்சரிக்கையோடு.

புலத்தின் சொந்தப் பக்கத்தை ஒதுக்கிவிட வேண்டாம். பெயரின் சரியான எழுத்துக்கூட்டல் அங்கேதான் கிடைக்கும். ஆனால் வேலையில் சேர்ந்த அன்று எழுதிக் கொடுத்த குறிப்பு பத்து ஆண்டு கழித்தும் அப்படியே கிடக்கலாம். 'ஆய்வு ஆர்வம்' என்ற தலைப்பின் கீழ் வருவது செய்த வேலையா, செய்ய ஆசைப்பட்ட வேலையா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆட்கள் நிலைக்கிறார்களா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஆசிரியர் பக்கத்தின் முகவரியை இணையப் பக்கங்களின் பழைய படிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டி, இரண்டு ஆண்டு, நான்கு ஆண்டு முந்தைய படிகளை இன்றைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். தளத்தைப் புதுப்பித்தபோது முகவரி மாறியிருந்தால் பழைய படி எதுவும் வராது. அப்போது பல்கலைக்கழக முகப்பின் பழைய படியைத் திறந்து, அங்கிருந்து இணைப்பு இணைப்பாகப் புலத்துக்குப் போக வேண்டும்.

எரிக் 1966 முதல் இயங்கும் கல்வியியல் தரவுத்தளம். அமெரிக்கக் கல்வித் துறையின் கீழ் உள்ள கல்வி அறிவியல் நிறுவனம் நடத்துகிறது. ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு இஜே என்றும், அறிக்கை, மாநாட்டுத் தாள் போன்ற மற்றவற்றுக்கு இடி என்றும் எண் தொடங்கும். பேராசிரியரின் பெயரைத் தேடியதும் தலைப்புகளைப் படிக்க ஆரம்பித்துவிடாதீர்கள். ஓரத்தில் உள்ள வடிகட்டிகள்தான் இந்தத் தளத்தின் பலம். 'எஜுகேஷன் லெவல்' பகுதியில், ஆய்வு எந்த நிலை மாணவர்களைப் பற்றியது என்று பிரித்துக் காட்டும். தொடக்கப் பள்ளிக் கணிதம் தன் துறை என்று ஒருவர் போட்டிருக்கிறார், ஆனால் அவருடைய பதிவுகளில் முக்கால்வாசி 'ஹையர் எஜுகேஷன்' (உயர்கல்வி) என்று வருகிறது என்றால், அவர் ஆராய்ந்தது குழந்தைகளை அல்ல, பெரும்பாலும் தன்னிடம் பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவர்களை. அதில் தவறில்லை. ஆனால் பள்ளிக்குள் போய்த் தரவு சேகரிக்க நினைக்கும் மாணவருக்கு அனுமதி வாங்குவது, வகுப்பு நேரத்தோடு ஒத்துப்போவது எல்லாவற்றிலும் வழிகாட்ட இவருக்கு எவ்வளவு பழக்கம் இருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

'பப்ளிகேஷன் டைப்' வடிகட்டியும் அதே அளவுக்குப் பேசும். ஆய்வறிக்கை, விவரண அறிக்கை, கருத்துக் கட்டுரை என்று தனித்தனியாகக் காட்டும். இருபது வெளியீடு உள்ள ஒருவரிடம் ஆய்வறிக்கை இரண்டுதான் என்றால், புள்ளியியல் சார்ந்த ஆய்வுக்கு வேறு நெறியாளரைத் தேடுவது நல்லது. வகுப்பறை ஆசிரியர்களுக்கான கையேடு என்ற வகையில் ஒன்றிரண்டு இருந்தால், அவர் பள்ளி ஆசிரியர்களோடு சேர்ந்து வேலை செய்திருக்க வாய்ப்பு அதிகம்.

எரிக்கின் குறைகளும் சின்னவை அல்ல. கல்வியியல் இதழ்கள் எல்லாம் அதில் இல்லை. அமெரிக்க, ஆங்கில வெளியீடுகளின் பக்கமே சாய்வு. ஆசிரியர் பெயர் கட்டுரையில் அச்சானபடியே ஏறுவதால், ஒரே ஆள் முழுப்பெயரிலும் தலைப்பெழுத்தோடும் திருமணத்துக்கு முந்தைய பெயரிலும் மூன்று பேராகத் தெரிவார். குறைந்தது மூன்று வடிவத்திலாவது தேடிவிட்டுத்தான் 'ஒன்றும் இல்லை' என்று முடிவு கட்டலாம்.

பெயர்க் குழப்பத்துக்கு மருந்தாக 2012-ல் வந்ததுதான் ஆர்கிட். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்க எண். கடைசி இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். அது சரிபார்ப்பு இலக்கம். கல்வி, பணி, வெளியீடு என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. பள்ளி வேலையைத் தொடக்க, முடிவுத் தேதியோடு எழுதக்கூடிய இடம் இங்கே இருக்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். எழுதியிருப்பவரைப் பார்த்தால் கொஞ்சம் மதிப்புக் கூட்டிப் போடலாம். ஒவ்வொரு வரியையும் யார் சேர்த்தார் என்ற மூலத்தையும் பாருங்கள். அங்கே அவருடைய பெயரே இருந்தால் அது அவர் சொன்னது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் அந்த நிறுவனமே சேர்த்தது. இரண்டும் ஒரே எடை அல்ல.

பகுதி காலியாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எதை எல்லோருக்கும் காட்டுவது, எதை மறைப்பது என்பது எண்ணுக்கு உரியவரின் விருப்பம். வெளியீடுகள் பதிப்பகங்கள் வழியாகத் தானாக வந்து சேர்வதும் உண்டு. அதனால் கட்டுரைகள் நிறைந்து பணிப் பகுதி வெறுமையாக இருக்கும் பதிவுகள் ஏராளம்.

ஸ்காலரில் மேற்கோள் எண்ணிக்கையும் எச்-குறியீடும் கண்ணைக் கவரும். எச்-குறியீடு 12 என்றால், தலா 12 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 12 இருக்கின்றன என்று பொருள். இதை வைத்துக் கல்வி உளவியலாளரையும் கல்வித் தத்துவக்காரரையும் ஒப்பிடுவது வீண் வேலை. பின்னவர் நூல் எழுதுகிறவர், அந்த வட்டமும் சிறியது. மின்னஞ்சல் சரிபார்க்கப்பட்டது என்ற குறி அந்த நிறுவனத்து முகவரி அவரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். பட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதே பெயருள்ள வேறொருவரின் மருத்துவக் கட்டுரை நடுவில் வந்து உட்கார்ந்திருப்பதும் உண்டு. இதன் உண்மையான பயன் வேறு: பட்டியலை ஆண்டுவாரியாக அடுக்கி, இணை ஆசிரியர் பெயர்களைக் கவனியுங்கள். மூன்று நான்கு ஆண்டு தொடர்ந்து வந்து பிறகு மறையும் பெயர்கள் பெரும்பாலும் அவருடைய ஆய்வு மாணவர்கள். அவர்கள் முதல் ஆசிரியராக வந்திருக்கிறார்களா, எப்போதும் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்களா என்பதில் நெறியாளரின் குணம் ஓரளவு தெரியும்.

பட்டத்தில் பிஎச்.டி. என்றால் ஆய்வு, கல்வியியலுக்கே உரிய முனைவர் பட்டமான எட்.டி. என்றால் நிர்வாகம் என்று கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பவர்கள் உண்டு. அது எப்போதும் பொருந்தாது. கல்வியியலுக்கென 1920-ல் தனிப் புலம் தொடங்கிய ஹார்வர்டில் எட்.டி. நெடுங்காலம் ஆய்வுப் பட்டமாகவே இருந்தது. எழுத்தைப் பார்க்காமல் ஆய்வேட்டைத் திறந்து, ஆய்வுமுறை அத்தியாயத்தைப் படியுங்கள். பத்து நிமிடம் போதும்.

ஆசிரியரல்லாத பணியாளர் விஷயத்தில் இந்த மூன்று தளங்களும் கையை விரித்துவிடும். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளி ஒதுக்குபவர், வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து மதிப்பிடும் பகுதிநேர மேற்பார்வையாளர், உரிமச் சான்றிதழ் வேலையைப் பார்ப்பவர் என்று ஆசிரியர் பயிற்சியில் அன்றாடம் பழக வேண்டியவர்கள் இவர்கள்தான். இவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை இருக்காது. புலப் பக்கத்தில் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தாலே அதிகம். மின்னஞ்சலில் நேராகக் கேட்டுவிடுங்கள்: ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை பயிற்சி மாணவர், ஒரு பருவத்தில் எத்தனை முறை வகுப்புக்கு வருவார், அவர் பள்ளியில் எந்தப் பாடத்தை எந்த வகுப்புக்கு நடத்தியவர். மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டுப் பதில் வந்தால், அதை மட்டும் இன்னொரு முறை எழுதிக் கேளுங்கள். அறிவியல் பயிற்சி மாணவரை மதிப்பிட மொழிப்பாட ஆசிரியர் வந்தால், கரும்பலகைக் கையெழுத்துக்கும் வகுப்புக் கட்டுப்பாட்டுக்கும் குறிப்பு எழுதுவார். மாணவர் விசையையும் ஆற்றலையும் குழப்பிக்கொண்டது அவர் கண்ணில் படாமலே போகலாம்.